சாய்வில்லை

சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்கினால் அவளால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. எழுந்து போய் அதை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவாள். தன் கல்யாணத்தன்றே, மேடையில் நின்றபடி, படமெடுக்க வந்தவரிடம், "அண்ணே, உங்க ட்ரைபாட் இடது கால் இறங்கியிருக்கு" என்று சொன்னவள். பக்கத்தில் மாலையுடன் நின்றவர் அந்த இடத்திலேயே அவளுக்கு மட்டப்பலகை என்று பெயர் வைத்தார். சுவரின் மேல் வைத்து, நீர்க்குமிழி நடுவில் நிற்கிறதா என்று கொத்தனார்கள் பார்ப்பார்களே, அந்தப் பலகை. கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் பல காணாமல் போய்விட்டன. அந்தப் பெயர் மட்டும் நிலைத்தது.

அப்போது அவள் ஒரு ஸ்டூடியோவில் கணினியில் முகம் திருத்தும் வேலையில் இருந்தாள். மூக்கை நேராக்கு, கன்னத்தைக் குறை, காதை உள்ளே தள்ளு. ஒரு நாள் ஒரு பெண்ணின் தோளைச் சின்னதாக்கச் சொன்னார்கள்.

"தோள் நல்லாத்தானே இருக்கு சார்?"

"நல்லா இருக்கா இல்லையான்னு பாக்கறது நம்ம வேலை இல்லம்மா" என்றார் முதலாளி.

மறுநாள் அவள் போகவில்லை. அதற்குப் பிறகு வீடுகள்தான். விற்பனைக்கும் வாடகைக்கும் வரும் வீடுகளைத் தரகர்களுக்காகப் படமெடுத்துக் கொடுப்பாள். காலி அறை, குளியலறைக் குழாய், ஜன்னல் கம்பி, யாரோ விட்டுப்போன காலண்டர் ஆணி. வீடுகளுக்கு மூக்கு கிடையாது என்பதே அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதிலும், "ரூமைக் கொஞ்சம் பெருசா காட்டுங்களேன்" என்று கேட்கும் தரகர்கள் உண்டு. "ரூம் இருக்கற அளவுக்குத்தான் வரும். பெருசா வேணும்னா கொத்தனாரைக் கூப்பிடுங்க" என்பாள். அப்படிச் சிலர் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வாசலில் சண்டை போடுவதில்லை.

அவர்கள் குடியிருந்தது நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில். பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு, நிலத்துக்கு அடியில் வண்டி நிறுத்த ஒரு பெரிய குழி தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். தகரத் தடுப்புக்குப் பின்னால் இயந்திரம் காலையிலிருந்து உறுமும்.

ஒரு நாள் அவள் வீட்டுச் சுவரில் இருந்த படமே கோணலாகத் தெரிந்தது. நிமிர்த்தினாள். சில நாள் கழித்துத் திரும்பவும் கோணல். திரும்பவும் நிமிர்த்தினாள்.

"வர வர நம்ம வீட்டுப் படமே உன் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார் கணவர். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நாள் முழுக்கக் குழந்தைகள் நடுவே இருந்ததால் எதையும் விளையாட்டாகவே பேசிப் பழகியவர்.

மூன்றாம் முறை அவள் கையை வைக்கவில்லை. அலமாரியிலிருந்து நிஜமான மட்டப்பலகையை எடுத்துவந்து படத்தின் மேல் சட்டத்தில் வைத்தாள். குமிழி நடுவில் நின்றது. பலகையை ஜன்னல் விளிம்புக்குக் கொண்டுபோனாள். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. வாசற்படியிலும் அதே பக்கம்.

ஒற்றை ஆணியில் தொங்கிய படம் நேராகத்தான் இருந்தது. வீடுதான் கோணலாக இருந்தது. குழி இருந்த பக்கமாக.

கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த தையல்காரரிடம் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. "அதானா! நூல்கண்டைக் கீழ போட்டா தானா நடந்து போய் அந்த மூலையில உக்காந்துக்குது. நான் எலின்னு நெனச்சு பொறி வெச்சிருக்கேன் தங்கச்சி" என்றார்.

இரண்டு பேரும் தகரத் தடுப்பைத் தட்டினார்கள். மஞ்சள் தொப்பி மேற்பார்வையாளர் வெளியே வந்தார்.

"பழைய கட்டடம்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். வயசானா எல்லாருக்கும் முதுகு வளையுதுல்ல?"

"போன மாசம் வரைக்கும் வளையலையே" என்றாள்.

"போன மாசம் நீங்க அளந்தீங்களா?"

அளக்கவில்லை. அந்த ஒரு கேள்வியோடு அவர் தடுப்பைச் சாத்திக்கொண்டார். வேறு ஊரில் இருந்த வீட்டுக்காரர் போனில், "பயமா இருந்தா காலி பண்ணுங்க, ஆள் காத்துக்கிட்டிருக்கு" என்றார்.

கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள். பொறியாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி கேட்டார். புகாரோடு படம் இணைக்க வேண்டும், படம் இல்லாமல் ஆய்வுக்கு ஆள் அனுப்ப விதி இல்லை என்றார். படம்தானே, அவளுக்கு அது ஒரு வேலையா? அன்று மாலையே எடுத்தாள். மறுநாள் கொண்டுபோனாள்.

பொறியாளர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சாயுது, சரி. பக்கத்து வீடும் சாயுதே? விளக்குக் கம்பமும் சாயுது. தெருவே சாயுதும்மா. கேமராவை அண்ணாந்து புடிச்சா எல்லாம் சாயத்தான் செய்யும்."

அவர் சொன்னது சரி. அதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது. தெரு குறுகல். உச்சி வரை படத்தில் வர வேண்டுமென்றால் கேமராவை மேல் நோக்கித் திருப்பியாக வேண்டும். திருப்பினால் சுவர்கள் எல்லாம் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். அவள் தினமும் பார்ப்பதுதான். வீட்டுக்கு வந்து கணினியில் அதைச் சரிசெய்துவிடுவாள். ஒரு நிமிட வேலை.

"கம்ப்யூட்டர்ல மத்ததையெல்லாம் நிமித்திக் கொண்டுவரேன் சார். அப்போ எங்க வீடு மட்டும் சாய்ஞ்சு தெரியும்."

"கம்ப்யூட்டர்ல நிமித்த முடியும்னா சாய்க்கவும் முடியும் இல்லையா? நீங்க படத் தொழில் பண்றவங்க வேற. வெட்டாம, திருத்தாம, எடுத்தது எடுத்தபடி கொண்டாங்க."

தோளைக் குறைக்க மாட்டேன் என்று வேலையை விட்டவள் அவள். திருடாதவளைச் சோதனை போட்டு அனுப்பியது போல இருந்தது. கோபம் வந்தால் அவள் குரல் உயராது. பேச்சு குறைந்துவிடும். அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் பேசியது மூன்று சொல்.

"தூரமாப் போய் எடேன்" என்றார் கணவர்.

"சுவர்."

எதிரே ஒரு கிடங்கின் நீண்ட சுவர் தெருவை அடைத்து நின்றது.

"அப்போ கிடங்குக் கூரை மேல ஏறி எடு."

"ஆஸ்பெஸ்டாஸ்."

"அதுவும் சரிதான். நீ ஏறினா படம் கிடைக்காது, நீதான் கீழ கிடைப்ப."

அவள் சிரிக்கவில்லை. "லென்ஸ்" என்றாள்.

அப்படி ஒரு லென்ஸ் உண்டு என்று அவளுக்கு வெகு காலமாகத் தெரியும். கட்டடங்களை மட்டுமே படமெடுக்கும் பெரிய ஆட்கள் வைத்திருப்பார்கள். டில்ட் ஷிஃப்ட் லென்ஸ். அதற்கு இரண்டு அசைவுகள். ஒன்றில் லென்ஸ் சாயும். இன்னொன்றில் சாயாமல் நகரும். அவளுக்கு வேண்டியது நகர்வு. கேமரா அண்ணாந்து பார்க்காது, மட்டமாக நிற்கும். லென்ஸ் மட்டும் தன் இடத்திலிருந்து மேலே நகரும். ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர் தலையைத் தூக்காமல் ஜன்னலையே உயர்த்திவிட்டது போல. கட்டடத்தின் உச்சி படத்துக்குள் வந்துவிடும். நேராக இருக்கும் சுவர் நேராகவே இருக்கும். கணினிக்கு வேலையில்லை.

பெயர் பெற்ற கம்பெனி லென்ஸின் விலையைக் கணவரிடம் காட்டினாள். அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் காசுக்கு ஜாக்கி வெச்சு வீட்டையே நிமித்திடலாமேம்மா."

வாடகைக்குத் தரும் கடைக்குப் போனாள். முன்பணமாக லென்ஸின் முழு விலையையும் கட்டச் சொன்னார்கள். முழு விலை இருப்பவள் வாடகைக் கடைக்கு எதற்கு வருகிறாள் என்று கேட்டாள். அது விதி என்றார்கள். அந்த வாரத்தில் அவள் விதி என்ற சொல்லைப் போதுமான அளவுக்குக் கேட்டுவிட்டாள்.

பழைய கேமராக்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. மாடிப்படிக்குக் கீழே பொந்து போன்ற இடம். கடைக்காரர் கண்ணாடி மேசையில் இரண்டை எடுத்து வைத்தார்.

முதலாவது அவள் பிறப்பதற்கு முந்திய லென்ஸ். நகர்வு மட்டும்தான், சாய்வு கிடையாது. இரும்புபோல் கனம். வளையம் ஒன்று சேர்த்தால் அவள் கேமராவில் பொருந்தும். இரண்டாவது புதிது. யாரும் கேள்விப்படாத கம்பெனி. இரண்டு அசைவும் உண்டு.

அவள் பையிலிருந்து மட்டப்பலகையை எடுத்துக் கேமராவின் மேல் வைத்தாள்.

"மேடம், லென்ஸ் வாங்க வந்தீங்களா, சுவர் எழுப்ப வந்தீங்களா?"

"எழுப்பின சுவரைக் காப்பாத்த வந்தேன்."

பழையதைப் பொருத்தி, கடை வாசலில் நின்று எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். கண்ணாடி அற்புதமாக இருந்தது. ஜன்னல் கம்பியில் உதிர்ந்த சாயம்கூடத் தெரிந்தது. ஆனால் மேலே ஏற்றி வைத்த லென்ஸ் தன் கனத்தாலேயே மெல்லக் கீழே வழுகியது. திருகு தேய்ந்திருந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி இறங்கியது.

"கையால புடிச்சுக்கிட்டா போதும் மேடம்."

"வீடுதான் வழுகுது. லென்ஸும் வழுகினா நான் எதைப் புடிக்கறது?"

புதியதைப் பொருத்தினாள். ஓரங்கள் கொஞ்சம் மங்கல். வெயில் படும் விளிம்புகளில் ஊதா நிறம் கசிந்தது. தரகர் படத்துக்கு இது உதவாது என்று நினைத்தாள். ஆனால் வைத்த இடத்தில் நின்றது. உலுக்கிப் பார்த்தாள். நின்றது.

அழகு வேண்டாம். நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

"எனக்கு டில்ட் வேண்டாம். ஷிஃப்ட் மட்டும் போதும். டில்ட்டுக்கு உண்டானதைக் குறைச்சுக்குங்க."

"மூக்கு வேண்டாம்னு முகத்துல கழிக்க முடியுமா மேடம்?"

அந்த வார்த்தைக்காகவே அவள் மேலும் அரை மணி நேரம் பேரம் பேசினாள். கடைசியில், முகங்களுக்கென்று வைத்திருந்த பழைய லென்ஸையும் இரண்டு விளக்குகளையும் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள். முகங்கள் போகட்டும். வீட்டுக்கு வந்ததும் சாய்வுத் திருகைச் சுழியத்தில் வைத்து, அதன் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றினாள். தவறிக்கூடத் திரும்பக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு காலியாக இருந்தது. தையல்காரர் மொட்டை மாடிக்குப் போய், குழிப் பக்கத்து மூலையிலிருந்து கயிறு ஒன்றை இறக்கினார். நுனியில் அவருடைய பழைய கரி இஸ்திரிப் பெட்டி.

"என் வாழ்க்கையில இதுக்கு இவ்வளவு உயரம் கிடைச்சதில்ல" என்று மேலிருந்து கத்தினார்.

பெட்டி ஆடி ஆடி நின்றது. அவள் கேமராவை மட்டமாக்கினாள், லென்ஸை மேலே நகர்த்தினாள், கண்ணை வைத்தாள்.

இடப்பக்கத்து வீடு நேராக நின்றது. விளக்குக் கம்பம் நேராக நின்றது. குழியைத் தாண்டி இருந்த தண்ணீர்த் தொட்டியின் தூண்கள் நேராக நின்றன. நடுவே அவர்களுடைய கட்டடம் மட்டும், கூட்டத்தில் யாரோ கூப்பிட்டதுபோல, குழியின் பக்கம் தலையைச் சாய்த்திருந்தது. மேலே சுவரைத் தொட்டிருந்த கயிறு கீழே வரும்போது சுவரிலிருந்து ஒரு சாண் விலகி நின்றது.

"தெரியுதா தங்கச்சி?"

"தெரியுது அண்ணே."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

அலுவலகத்தில் இந்த முறை எழுத்தரிடம் கொடுக்கச் சொன்னார்கள். அலுவலகமே அவரை அகராதி என்றுதான் அழைத்தது. கோப்பில் ஆங்கிலம் ஏறக் கூடாது என்பது அங்கே விதி. மற்றவர்கள் அதைச் சுமையாக எடுத்துக்கொள்ள, அவர் வரமாக எடுத்துக்கொண்டார். எந்தச் சொல் வந்தாலும் தமிழாக்கிவிட்டுத்தான் டீ குடிப்பார்.

விண்ணப்பத்தில், படம் எடுத்த கருவி என்ற இடத்தில் அவள் டில்ட் ஷிஃப்ட் லென்ஸ் என்று எழுதியிருந்தாள். அவர் பேனாவைத் தூக்கினார்.

"இது ஆகாதே. லென்ஸுக்கு வில்லைன்னு அழகா ஒரு சொல் இருக்கு. டில்ட்னா என்னம்மா?"

"சாயறது."

"சாயறது." கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் எதையோ சுவைத்துப் பார்த்தன. பிறகு கண்ணைத் திறந்து, அவள் எழுதியதை அடித்துவிட்டு, ஒரே சொல்லாக எழுதினார். முகம் மலர்ந்தது. "திருத்தின இடத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

அவள் குனிந்தாள். அலுவலக முத்திரை தாளில் கோணலாக விழுந்திருந்தது. அதையே பார்த்தபடி கையெழுத்துப் போட்டாள். அதற்கு மேலே இருந்த சொல்லைப் பார்க்கவில்லை.

பதில் வரும்வரை குழி ஆழமாகிக்கொண்டே போனது. தையல்காரரின் கடைக் கதவு சாத்த முடியாமல் நின்றது. அவர் சாக்குத் துணியால் ஒரு திரை தைத்து மாட்டினார். "கதவுக்குச் சட்டை தைச்ச முதல் ஆள் நான்தான்" என்றார். ஆனால் மாலையில் வீட்டுக்குப் போகும்போது தையல் இயந்திரத்தின் தலையைக் கழற்றி மூட்டை கட்டி எடுத்துப்போக ஆரம்பித்திருந்தார்.

பதில் வந்தது. மாடிப்படியில் நின்றபடியே படித்தாள்.

"மனுதாரர் இணைத்துள்ள படத்தைப் பற்றி, சாய்வில்லை என அவரே தம் கையொப்பத்துடன் குறிப்பிட்டிருப்பதால் மனு முடித்துவைக்கப்படுகிறது."

இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை கணவர் வாங்கிப் படித்தார். அவர்தான் முதலில் பிடித்தார். வாய்விட்டுப் படித்ததால்.

"சாய்... வில்லை. சாய்வு... இல்லை." அவர் தோள் குலுங்கியது. "ஐயோ, மட்டப்பலகை! சாயற வில்லை உனக்குச் சாய்வு இல்லைன்னு ஆயிடுச்சு." சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தார். "அந்தப் பழைய லென்ஸை வாங்கியிருந்தேன்னு வெச்சுக்க, நகர்வில்லைன்னு அந்த அகராதி எழுதியிருப்பான். அது ஒண்ணும் பொய் இல்ல. ஃபைல் நகரவே இல்லியே."

அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கீழே இயந்திரம் உறுமியது. படிக்கட்டின் கைப்பிடியில் அந்த அதிர்வு ஏறி வந்தது.

"நானும் வரேன்" என்றார்.

"வேன்?"

"இன்னிக்குப் பிள்ளைங்களை அவங்கவங்க அப்பன் கொண்டுபோகட்டும்."

"வேண்டாம். நான் போறேன்."

கேமராவை எடுத்துக்கொண்டாள்.

எழுத்தரின் மேசையில் தாளை வைத்தாள். அவர் படித்தார். தன் சொல்லைப் பார்த்ததும் முதலில் மகிழ்ந்தார்.

"வினைத்தொகைம்மா இது. சாய்ந்த வில்லை, சாய்கின்ற வில்லை, சாயும் வில்லை. ஒரே சொல்லுக்குள்ள மூணு காலமும் அடக்கம்."

"மூணு காலத்துலயும் எங்க வீடு சாயுது. உங்க இன்ஜினியர் இல்லைன்னு படிச்சிருக்காரு. திரும்பப் படிங்க."

அவர் திரும்பப் படித்தார். நிறம் மாறியது. "பிரிச்சுப் படிக்கணும்" என்றார் மெதுவாக. "சேர்த்துப் படிச்சது அவங்க பிழை."

"நீங்க சொல்லைப் பிரிக்க மாட்டீங்க, அவரு பிரிச்சுப் படிக்க மாட்டாரு. நடுவுல எங்க வீடு பிரியுது."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். எழுத்தரும் எழுந்து பின்னால் வந்தார்.

பொறியாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா."

"அது லென்ஸோட பேரு."

"கோப்புல எழுதியிருக்கறதைத்தான் நான் படிக்க முடியும்."

"படத்தைப் பாத்தீங்களா?"

"படம் இணைப்பு. முதல்ல குறிப்பு. குறிப்பே இல்லைன்னு சொல்லும்போது இணைப்புக்கு எதுக்குப் போகணும்?"

பார்க்கவில்லை. முகங்களை விட்டாள், விளக்குகளை விட்டாள், கயிறு கட்டினாள், மட்டம் பார்த்தாள். அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்பப் பாருங்க" என்றாள்.

குரல் உயரவில்லை. ஆனால் பொறியாளர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். எழுத்தர் கோப்பிலிருந்து படத்தை உருவி அவர் முன் வைத்தார். அவர் பார்த்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு, எழுத்தரிடம் கேட்டார்:

"சாயற வில்லைன்னா, சாய்க்கிற வில்லையா? அப்போ படம் சாய்ஞ்சுதானே வரும்?"

அவள் பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். ஜன்னலோரம் கோப்புகளை ஒதுக்கி, அதை மட்டமாக வைத்தாள். திருகைக் காட்டினாள்.

"இது சாய்க்கிறது. டேப் போட்டு ஒட்டியிருக்கு. இது நகர்த்துறது. கண்ணை வெச்சு நீங்களே திருப்புங்க."

எதிரே இன்னொரு அலுவலகக் கட்டடம், ஆறு மாடி. அவர் குனிந்து கண்ணை வைத்தார். திருகைத் திருப்பினார். மூன்றாம் மாடி, நாலாம் மாடி, மேலே தண்ணீர்த் தொட்டி, எல்லாம் ஒவ்வொன்றாகப் படத்துக்குள் ஏறி வந்தன. கீழே இறக்கினார். மறுபடி ஏற்றினார். அந்த விளையாட்டு அவருக்குப் பிடித்துவிட்டது என்பது முதுகிலேயே தெரிந்தது.

"நேராத்தான் இருக்கு."

"நேரா இருக்கறது நேரா வரும் சார். எங்க வீடும் போன மாசம் எடுத்திருந்தா அப்படித்தான் வந்திருக்கும்."

அவர் மேசைக்குத் திரும்பிப் படத்தை மறுபடி கையில் எடுத்தார். இந்த முறை விரலை வைத்துக் கயிற்றின் வழியே மேலிருந்து கீழே வந்தார். சுவர் விலகும் இடத்தில் விரல் நின்றது.

"இந்த நுனியில தொங்கறது என்ன?"

"இஸ்திரிப் பெட்டி."

"இஸ்திரிப் பெட்டியா?"

"எந்த மொழியில எழுதினாலும் அது நேராத்தான் தொங்கும்."

எழுத்தர் இருமினார். பொறியாளர் விரலை அந்த இடைவெளியிலிருந்து எடுக்கவே இல்லை. "குழி இப்ப எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். குழியைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"நான் வெளிய வரும்போதும் தோண்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க."

"முடிச்ச கோப்பைத் திறக்க முடியாது. புதுசா ஒரு மனு..."

அவள் எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"இங்கேயே எழுதறேன். நீங்க கையெழுத்துப் போட்டதும் சேர்ந்தே போலாம்."

புதிய விண்ணப்பத்தை எழுத்தரே எடுத்துவந்தார். கருவி என்ற இடம் வந்ததும் பேனா தயங்கியது.

"லென்ஸ்னே எழுதுங்க" என்றாள்.

"தமிழ்லதான்மா..."

"சரி. அப்போ நடுவுல இடம் விட்டு எழுதுங்க. ஒரு ஆள் நுழையற அளவுக்கு."

அவர் சாய் என்று எழுதினார். தாளில் விரலை வைத்து இடம் விட்டார். பிறகு வில்லை என்று எழுதினார். தான் பெற்ற சொல்லைத் தானே இரண்டாக வெட்டிய துக்கம் அவர் முகத்தில் இருந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். முத்திரை இந்த முறையும் கோணலாகத்தான் விழுந்தது. பார்த்தாள். விட்டுவிட்டாள்.

பிற்பகலில் பொறியாளர் வந்து, தையல்காரர் மறுபடி இறக்கிய கயிற்றுக்கும் சுவருக்கும் இடையே கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போனது. பிறகு அவர் சிரிக்கவில்லை. தையல்காரர் நூல்கண்டைத் தரையில் போட்டுக் காட்டினார். அது மூலைக்குப் போயிற்று.

இயந்திரம் நின்றது. இத்தனை நாளில் அவள் கேட்காத அமைதி அது. குழியின் பக்கம் இரும்புத் தாங்கல் கொடுக்கும்வரை வேலை கூடாது என்று எழுதிய தாளை அலுவலக ஆள் ஒருவர் தகரத் தடுப்பில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார். சாய்வு உள்ளது என்று முதல் வரியிலேயே இருந்தது. சேர்த்துப் படித்தாலும் பிரித்துப் படித்தாலும் ஒரே பொருள்.

மேற்பார்வையாளர் மஞ்சள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்தார். "ஒரு படத்தை வெச்சு வேலையை நிறுத்திட்டீங்களேம்மா" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது மூலை இறங்கியிருந்தது.

"விடும்மா, படிக்க முடியுதுல்ல?" என்றார் கணவர்.

அவள் முன்னால் போய், பசை காயும் முன் தாளை மெல்ல உரித்து எடுத்தாள்.

"யோவ், கிழிக்கறாங்க பாரு!" என்று மேற்பார்வையாளர் தன் ஆட்களைப் பார்த்துப் பதறினார்.

"போன மாசம் அளந்தீங்களான்னு கேட்டீங்களே" என்றாள். கணவரிடம் கையை நீட்டினாள். அவர் கேட்காமலே அவள் பையிலிருந்து மட்டப்பலகையை எடுத்துக் கொடுத்தார். தாளின் மேல் விளிம்பில் அதை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை பொறுத்திருந்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள்.

"இன்னிலேருந்து தினமும் அளப்பேன்."